வா என்று மட்டும் சொல்லத் தெரிந்தது

அத்தியாயம் பதினான்கு

பெரியவன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்பா பேசினார். வீட்டுக்கு வரணுமாம்" என்று சொன்ன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா வீட்டை விட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. வேறு குடும்பமும் வைத்துக்கொள்ளவில்லை. தூரத்தில் வேலை என்று ஒரு பெட்டியோடு போனார். முதலில் அவர் வருவது குறைந்தது, பிறகு குரல் குறைந்தது, பிறகு எதுவுமே இல்லை. ஒரு மனிதர் அப்படியே கரைந்து போனார்.

பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். உயர உயரமான கட்டடங்களின் உச்சியில் நின்று வேலை பார்க்கிறவன், ஆனால் மனசில் எதையும் மேலே வரவிட மாட்டான். "செத்தாலும் இந்த வாசல் வழியா அவர் வரக்கூடாது" என்றான். அவன் தங்கை சின்னவளோ, "பாவம் அண்ணா, வயசாயிடுச்சு, வரட்டுமே" என்று கண்ணைக் கசக்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அவசரப்பட்டால் கண்ணாடி கையிலேயே உடையும் என்று அவளுக்குத் தெரியும்.

"வியாழக்கிழமை சாயங்காலம் சொல்றேன்" என்று முடித்துவிட்டாள்.

இன்று அந்த வியாழக்கிழமை.

* * *

சின்னவள் வேலைக்கு வந்து சேர்ந்தபோது பாதித் தூக்கத்தில்தான் இருந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். அண்ணன் அவளுக்கு வைத்த பெயரே தூங்குமூஞ்சி.

கீழே சோபா விற்கிற கடை, மாடியில் அவளுடைய கம்பெனி. மனித உடம்பு தனக்குத்தானே செய்துகொள்கிற புரோட்டீன்களை, பாக்டீரியாவை வைத்துச் செய்து ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புகிற சின்னக் கம்பெனி. மருந்து இல்லை. யாருக்கும் ஊசி போடக்கூடாது, சோதனைக்கு மட்டும் என்று ஒவ்வொரு குப்பியிலும் ஒட்டியிருக்கும்.

உடம்புச் சூட்டிலேயே இருக்கிற ஓர் அறையில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாகச் சுழன்றுகொண்டே இருக்கும். உள்ளே பால் கலந்த மாதிரி ஒரு தண்ணீர். அத்தனையும் பாக்டீரியா. குடுவைகளின் முன்னால் போய் நின்றால் சின்னவளுக்கு நேரம் போவது தெரியாது. எங்கேயோ மிதந்து போவாள். யாராவது வந்து தோளைத் தட்டினால், "என்ன மேடம்?" என்று வேறு உலகத்திலிருந்து கேட்பாள்.

அந்தக் குடுவைகளில் வளர்வது ஒரே ஒரு புரோட்டீன். காலில் முள் குத்தினால், குத்திய இடம் உடனே அதைச் செய்து வெளியே விடும். அதற்குக் கிருமியைக் கொல்லத் தெரியாது. காயத்தை ஆற்றத் தெரியாது. ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்களைப் பார்த்து, வா, வா என்று கூப்பிட மட்டும் தெரியும். அவை கேட்டுவிட்டு ஊர்ந்து வரும். மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. அம்மாவுக்கும் தெரியாது, பெரியவனுக்கும் தெரியாது.

சின்னவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தப் புரோட்டீனைச் செய்யும் குறிப்பை, ஜீன் என்கிறார்களே அதை, மனித ரத்தத்திலிருந்து எடுத்து பாக்டீரியாவுக்குள் வைக்க வேண்டியிருந்தது. அன்று மழை. மகளைக் கூட்டிப்போகக் குடையோடு வந்த அப்பா, "என் ரத்தம் ஆகாதா?" என்று சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். என்ன, எதற்கு என்று விளக்கிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் எடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவர் பெட்டியோடு கிளம்பிவிட்டார். குறிப்பு மட்டும் தங்கிவிட்டது. அன்றிலிருந்து பாக்டீரியா தலைமுறை தலைமுறையாக அதைப் படித்துப் படித்து, அப்பாவின் உடம்பு செய்கிற அதே புரோட்டீனைச் செய்து தள்ளுகிறது.

மனிதர்கள் எல்லாருக்கும் இது ஒன்றுதான், அப்பாவுடையது என்று தனியாக ஒரு மண்ணும் இல்லை என்பது சின்னவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன செய்ய? வீட்டில் இல்லாத மனிதர் இங்கே தினமும் இருந்தார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"தூங்குறியா?"

ஐஸ் மேடம் வந்து நின்றார். இந்தக் கம்பெனிக்கு முதலாளி, விஞ்ஞானி, கணக்குப்பிள்ளை எல்லாம் அவர்தான். கையில் எப்போதும் ஐஸ் வாளியோடு திரிவதால் அந்தப் பெயர்.

"இல்ல மேடம்."

"பேக்கிங்காரருக்குக் காய்ச்சலாம். இன்னிக்கு டெஸ்ட்டுக்கு ரத்தம் யாருகிட்ட எடுக்கிறது? சாயங்கால வண்டியில குப்பி போயாகணும்."

புதிதாகச் செய்த ஒவ்வொரு தொகுதியும் உண்மையிலேயே கூப்பிடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதற்கு அன்றன்றைக்கு எடுத்த ரத்தத்திலிருந்து வெள்ளையணு வேண்டும். வழக்கமாகப் பேக்கிங்காரர் கை நீட்டுவார். காய்ச்சல்காரரின் அணுக்கள் ஏற்கெனவே பரபரத்துக்கொண்டிருக்கும், அவற்றை நம்ப முடியாது. சின்னவள் சோகை பிடித்தவள், அவளிடம் எடுக்க மேடம் விட மாட்டார். மேடமோ மற்றவர் ரத்தத்தில் நீச்சலே அடிப்பார், தன் ரத்தம் ஒரு சொட்டைக் கண்டால் கண் சொருகிவிடும்.

சின்னவள் வீட்டுக்குப் போன் செய்தாள். கண்ணாடிக்கடைக்கு வியாழன் விடுமுறை.

"ரத்தம்தானே? வரேன்" என்றாள் அம்மா. "வந்தா உன் ஆபீஸையும் பாத்த மாதிரி இருக்கும். இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது கூப்பிட்டியா நீ?"

* * *

அம்மா மெல்லத்தான் படியேறி வந்தாள். நல்ல சட்டை போட்டிருந்தாள், காலில் மட்டும் வீட்டில் போடும் தளர்ந்த செருப்பு. சுழல்கிற குடுவைகளை ஒரு தடவை பார்த்தாள்.

"வாஷிங் மெஷின் மாதிரி இருக்கு. இதுக்குத்தான் இவ்வளவு படிச்சியா?"

ஐஸ் மேடம் சிரித்துக்கொண்டே கேட்க வேண்டியதைக் கேட்டார். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, சர்க்கரை உண்டா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் அம்மா.

சின்னவள்தான் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். அம்மாவின் கையைப் பிடித்தாள். இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று நினைத்தாள். குழாயில் ரத்தம் ஏறுவதை அம்மா வேடிக்கை பார்த்தாள்.

"இது என்ன பண்ணும்?"

சின்னவள் விளக்கினாள். ஒரு சின்னக் குழி. குழியில் புரோட்டீன் கலந்த தண்ணீர். அதற்கு மேலே ஒரு குட்டிக் கிண்ணம், கிண்ணத்தின் அடியில் நுணுக்கமான ஓட்டைகள் உள்ள மெல்லிய தாள். கிண்ணத்தில் அம்மாவின் வெள்ளையணுக்கள். கீழே இருந்து கூப்பிட்டால் அவை ஓட்டை வழியாக உடம்பைக் குறுக்கிக்கொண்டு இறங்கும். ஒரே தட்டில் இப்படி மூன்று குழி: ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீர், ஒன்றில் போன மாதம் தேறிய பழைய சரக்கு, ஒன்றில் இன்றைய புதுச் சரக்கு.

"யாரு கூப்பிட்டாலும் போயிடுமா?"

"இது கூப்பிட்டா போகும்மா."

"வெக்கம் கெட்டதுங்க" என்றாள் அம்மா.

கூப்பிடுவது யாருடையது என்று சின்னவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டாள். சாயங்காலம் அம்மா முடிவு சொல்லப் போகிறாள். ஒரு குடுவையைக் காட்டி அம்மாவின் மனசைத் திருப்பினால் அது அழுகுணி ஆட்டம். ஆனாலும் தட்டைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடியபோது அவள் மனசு அடித்துக்கொண்டது. அந்த இருட்டில் அம்மாவும் அப்பாவும் ஒரே குழியில், நடுவே ஒரு தாள் மட்டும் இருக்கிறது என்று நினைத்தாள். நினைக்கக் கூடாதுதான். விஞ்ஞானம் படித்தவள் இப்படி நினைத்தாள் என்று தெரிந்தால் ஐஸ் மேடம் வாளியோடு தலையில் கொட்டிவிடுவார்.

காத்திருந்த நேரத்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தாள். குளிர்ப்பெட்டியிலிருந்து சின்னவள் ஒரு குப்பியை எடுத்துக் காட்டினாள்.

"காலியா இருக்கே?"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. காலிக் குப்பியை அனுப்பி ஏமாத்திட்டீங்கன்னு போன் கூட வரும். உறைய வச்சு உலர்த்திட்டா கண்ணுக்குத் தெரியாது."

அம்மா அதை வெளிச்சத்தில் சாய்த்தாள். கண்ணாடி பார்த்துப் பழகிய கண். அடியில் மூச்சுப் பட்ட மாதிரி ஒரு மங்கலை உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"இருக்கு" என்றாள். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

* * *

சின்னவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

புதுச் சரக்கு இருந்த குழி வெறிச்சென்று கிடந்தது. ஓர் அணுகூட இறங்கவில்லை. பழைய சரக்கைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. மேலே கிண்ணத்தில் பார்த்தால் அம்மாவின் அணுக்கள் உயிரோடு, உருண்டையாக, வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. கூப்பிடுவது காதில் விழுந்த மாதிரியே இல்லை.

சின்னவள் நாற்காலியில் சரிந்தாள். அம்மாவின் உடம்பே வேண்டாம் என்கிறது, சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை என்று தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஐஸ் மேடம் எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், மொத்தச் சரக்கும் செத்துப் போச்சு."

"நேத்து வரைக்கும் நல்லா இருந்த பழைய சரக்கும், இன்னிக்கு வந்த புதுச் சரக்கும் சொல்லி வச்சுக்கிட்டா செத்துச்சு? கூப்பிடுறது சரியாத்தான் இருக்கு. கேக்கிற காதுலதான் கோளாறு." அவர் அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, கோச்சுக்காதீங்க. நிஜமாவே மாத்திரை எதுவும் சாப்பிடலையா?"

அம்மா டீ கப்பைக் கீழே வைத்தாள்.

"கால் பெருவிரல் வீங்கும். அதுக்கு ஒண்ணு போட்டுக்கிறேன். அதெல்லாம் ஒரு மாத்திரையா?"

மேடம் பெயரைக் கேட்டார். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மாத்திரையின் வேலையே வெள்ளையணுக்களை நகரவிடாமல் கட்டிப்போடுவதுதான். அவை ஓடிவந்து மொய்ப்பதால்தான் விரல் வீங்குகிறது. மருந்து அவற்றின் காலைக் கட்டிவிட்டது, பாவம், அவை என்ன செய்யும்?

வேறு வழியில்லாமல் ஐஸ் மேடம் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, "எடுத்துத் தொலை" என்று கையை நீட்டினார். எடுத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. அம்மா அவர் கால்களைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்து, ஐஸ் வாளியிலிருந்தே துணியை நனைத்து நெற்றியில் போட்டாள். மேடத்தின் அணுக்கள் மட்டும் மேடம் மாதிரி இல்லை. பழைய குழியிலும் புதுக் குழியிலும் தபதபவென்று இறங்கியிருந்தன. உப்புத் தண்ணீரில் ஒன்றிரண்டு வழிதவறி விழுந்திருந்தன, அவ்வளவுதான். சரக்கு தேறிவிட்டது.

அம்மாவும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். சின்னச் சின்ன மினுக்கல்கள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

சின்னவளுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"அம்மா, அந்த மாத்திரை டாக்டர் எழுதிக் கொடுக்காம கிடைக்காதே. நீ எப்ப டாக்டர்கிட்ட போன? எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

அம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிரவில்லை.

"உங்கப்பாதான் கூட்டிட்டுப் போனார்" என்றாள்.

* * *

மேடத்தைப் படுக்கவிட்டுவிட்டு இருவரும் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்கள். கீழே கடையில் யாரோ சோபாவில் குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குளிர்காலம் தொடங்கும்போதே அப்பா இந்த ஊருக்குத் திரும்பிவிட்டார். கண்ணாடி மாற்றுகிற சாக்கில் கடைக்கு வந்து நின்றிருக்கிறார். அம்மா முதல் நாள் பேசவில்லை. அடுத்த வாரம் அவர் மறுபடி வந்து, ஃபிரேம் அழுத்துகிறது என்றார். அதற்கடுத்த வாரம் அழுத்தவில்லை என்று சொல்ல வந்தார். அம்மா நொண்டுவதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது அதற்கப்புறம்.

"ஒரே வீட்டுலதான் இருக்கோம். நான் நொண்டுறது உங்க ரெண்டு பேரு கண்ணுலயும் படல" என்றாள் அம்மா. குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. அதனால் சின்னவளுக்கு இன்னும் சுருக்கென்றது.

அப்போது அவளும் தன் ரகசியத்தைச் சொல்லிவிட்டாள். குடை, மழை, சட்டைக் கை, எல்லாம். குடுவையில் சுழல்வது யாருடைய குறிப்பு என்றும் சொன்னாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படியே அதிரும்படி சிரித்தாள்.

"வீட்டுக்கு ஒரு போன் பண்ணத் துப்பில்லாத மனுஷன், உலகம் பூரா குப்பியில போய் வா வான்னு கூப்பிட்டுட்டு இருந்தாராக்கும்!"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னவளுக்கு மனசு லேசாகிவிட்டது. கனவில் நடக்கிற மாதிரி எல்லாம் தானாகவே நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

"அப்ப சாயங்காலம் சரின்னு சொல்லப் போற?"

"நான் சரின்னு சொல்லி மாசமாச்சுடி. அவர்தான், பிள்ளைங்க சொல்லாம வாசலை மிதிக்க மாட்டேன்னுட்டார். அதுக்குத்தான் பெரியவனுக்குப் போன் பண்ணினார். நீங்க என்னடான்னா ரெண்டு பேரும் என் மூஞ்சியைப் பாக்குறீங்க. நாலு நாள் விட்டா உங்க மனசுல இருக்கிறது வெளிய வரும்னு பாத்தேன். பெரியவன் வேண்டாங்கிறான். அவன் கோபம் அவனுக்கு. நீ சொல்லு. வரலாமா?"

வரட்டும் என்று சொல்லத்தான் சின்னவள் வாயைத் திறந்தாள். வாரம் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா" என்றாள்.

சொன்ன பிறகு அவளே திடுக்கிட்டாள். ஆனால் நிறுத்த முடியவில்லை.

"படியில செருப்புச் சத்தம் கேக்கிறப்பல்லாம் எழுந்து ஓடியிருக்கேன்மா நான். எத்தனை தடவை ஓடியிருப்பேன். அண்ணாவாவது திட்டித் தீத்துக்கிட்டான். நான் ஒரு வார்த்தை திட்டினதில்ல. இங்க வந்து அந்தக் குடுவையைப் பாத்துட்டு, அப்பா இருக்கார், இருக்கார்னு என்னை நானே ஏமாத்திட்டு இருந்தேன். இப்ப நிஜமா வந்து நின்னா என்னால அவர் மூஞ்சியைப் பாக்க முடியாது. எனக்கு வேண்டாம்."

அம்மா மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"சரி, வேண்டாம்னா வேண்டாம். நான் சொல்லிடறேன்" என்றாள். அவள் குரல் உடைந்ததைச் சின்னவள் கேட்டாள். கேட்டும் தன் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

போன் அடித்தது. பெரியவன். ஏதோ கட்டடத்து உச்சியில், லிஃப்ட் இறங்குகிற சுரங்கத்துக்குள் நின்று பேசுகிறான். அவன் குரல் இரண்டு இரண்டாகக் கேட்டது.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மா எப்பவோ சரின்னுட்டாங்களாம். நாமதான் சொல்லணுமாம். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன் அண்ணா. நீயும் அதைத்தானே சொல்லிட்டிருந்த. முடிஞ்சுது. நிம்மதியா வேலையைப் பாரு."

அந்தப் பக்கம் எங்கோ கீழே ஒரு கதவு திறந்து மூடியது.

"அண்ணா? கேக்குதா?"

"என் ரூமைக் காலி பண்ணிட்டேன்டி" என்றான் பெரியவன். "சாமானையெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்துட்டேன். கட்டிலுக்கும் சொல்லிட்டேன், சாயங்காலம் கொண்டு வந்து போடுறாங்க. கீழ படுத்தா எழுந்திருக்க முடியலன்னு அப்பா போன்ல சொன்னார்."

பிறகு அழுதுவிட்டான். அவன் அழுவதைச் சின்னவள் அதுவரை கேட்டதே கிடையாது.

அம்மா போனுக்காகக் கையை நீட்டினாள். சின்னவள் கொடுக்கவில்லை. எழுந்து நின்றுகொண்டு, "எந்தக் கட்டடத்துல இருக்க?" என்று அண்ணனைக் கேட்டாள்.